பணியிடக் கஞ்சா சோதனை: அமெரிக்கச் சட்டமும் நடைமுறையும்

வேலைக்கு விண்ணப்பித்தவரோ வேலையில் இருப்பவரோ கஞ்சா பயன்படுத்தியிருக்கிறாரா என்று அறிய முதலாளி நடத்தும் உடற்சோதனையே பணியிடக் கஞ்சா சோதனை. சிறுநீர், எச்சில், தலைமுடி, அரிதாக இரத்தம் ஆகியவற்றில் ஒன்று மாதிரியாக எடுக்கப்படும். அமெரிக்காவில் இது ஆள்சேர்ப்பின் வழக்கமான சடங்குகளில் ஒன்று. கிடங்கில் பெட்டி தூக்குபவர் முதல் கணினி நிர்வாகி வரை பலருக்கும் நியமன ஆணையோடு சிறுநீர்க் குப்பியும் சேர்ந்தே வரும். அதே நாட்டில் 24 மாநிலங்களில், 21 வயது நிரம்பியவர் பொழுதுபோக்குக்காகக் கஞ்சா வைத்திருப்பது மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. மத்திய அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டமோ அதை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. சனிக்கிழமை இரவு தன் வீட்டில் மாநிலம் அனுமதித்ததைச் செய்த ஒருவர், இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை அதற்காக வேலையை இழக்கலாம். கஞ்சா பயன்படுத்துவோருக்கான வேலைப் பாதுகாப்புச் சட்டங்கள் இந்த இடைவெளியில்தான் முளைத்தன.

கப்பல்தளமும் தண்டவாளமும்

1981 மே 26 இரவு, புளோரிடா கடற்கரைக்கு அப்பால் நின்றிருந்த நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தரையிறங்கிய கடற்படை விமானம் ஒன்று தளத்தில் மோதித் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் இறந்தவர்களில் சிலரது உடலில் கஞ்சாவின் தடயம் தெரிந்தது. அவர்கள் விமானத்தை ஓட்டியவர்கள் அல்லர், தளத்தில் வேலை பார்த்தவர்கள். ஆனாலும் நாட்டில் எழுந்த பேச்சு அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. கடற்படை தன் வீரர்களுக்குப் பரவலான சிறுநீர்ச் சோதனையைத் தொடங்கியது. இராணுவத்தில் பழகிய அந்த முறைதான் பிறகு அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்தது.

1986இல் அதிபர் ரொனால்ட் ரேகனும் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் தாங்களே சிறுநீர் மாதிரி கொடுத்து முன்மாதிரி காட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று ரேகன் பிறப்பித்த 12564ஆம் எண் ஆணை, மத்திய அரசு ஊழியர்கள் வேலை நேரத்திலும் வெளியிலும் சட்டவிரோதப் போதைப்பொருளைத் தொடக் கூடாது என்றது. 'வெளியிலும்' என்ற அந்தச் சொல் பின்னாளில் வந்த எல்லா வழக்குகளுக்கும் விதை. நான்கே மாதத்தில், 1987 ஜனவரி 4 அன்று, மேரிலாந்து மாநிலம் சேஸ் என்ற ஊருக்கருகே ஆம்ட்ராக் பயணிகள் ரயில், சிக்னலை மீறி வந்து நின்ற கான்ரெயில் சரக்கு எஞ்சின்களில் மோதியது. 16 பேர் பலியான அந்த விபத்தில், எஞ்சின்களை ஓட்டியவர்கள் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. சோதனையை எதிர்த்துப் பேசுவது அதற்குப் பிறகு எளிதாக இல்லை.

1988இல் நாடாளுமன்றம் போதைப்பொருளற்ற பணியிடச் சட்டத்தை இயற்றியது. மத்திய அரசின் ஒப்பந்தக்காரர்களும் மானியம் பெறுவோரும் பணியிடத்தில் போதைப்பொருள் கூடாது என்று கொள்கை வகுத்து அறிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். யாருக்கும் சோதனை நடத்த வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. ஆனால் "சட்டம் கட்டாயப்படுத்துகிறது, நாங்கள் என்ன செய்வது" என்று கை விரிக்கும் மனிதவளத் துறைகள் இன்றும் அந்தச் சட்டத்தைத்தான் காட்டுகின்றன. உண்மையிலேயே சோதனையைக் கட்டாயமாக்கியது 1991ஆம் ஆண்டின் போக்குவரத்து ஊழியர் சோதனைச் சட்டம். கனரக லாரி ஓட்டுநர், விமானி, ரயில் ஓட்டுநர், எரிவாயுக் குழாய்ப் பணியாளர் போன்றோர் அதன் கீழ் வருகிறார்கள்.

நீதிமன்றங்கள் இதற்குள் வழிவிட்டிருந்தன. 1989 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. விபத்துக்குப் பிறகு ரயில்வே ஊழியர்களைச் சோதிப்பது செல்லும் என்றது ஒன்று. துப்பாக்கி ஏந்தும் பதவிக்கும் கடத்தல் தடுப்புப் பதவிக்கும் போகும் சுங்கத்துறை ஊழியர்களைச் சந்தேகமே இல்லாமல் சோதிக்கலாம் என்றது இன்னொன்று. முதல் தீர்ப்பை ஆதரித்த நீதிபதி அந்தோனின் ஸ்காலியா இரண்டாவதில் கடுமையாக மாறுபட்டார். அவர் பழமைவாதிகளின் நாயகன் என்பதால் இது கவனிக்கத்தக்கது. சுங்கத்துறையில் சோதிக்கப்பட்ட சுமார் 3,600 பேரில் ஐந்து பேரிடம்தான் போதைப்பொருள் தென்பட்டது. இல்லாத பிரச்சினைக்கு அடையாளச் சடங்கு நடத்துகிறார்கள் என்பது அவர் வாதம். 1997இல் இன்னொரு வழக்கு வந்தது. மாநிலப் பதவிகளுக்குப் போட்டியிடும் வேட்பாளர்களும் சிறுநீர்ச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று ஜார்ஜியா மாநிலம் சட்டம் போட்டிருந்தது. அது தனியுரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் ரத்து செய்தது. சுங்கத்துறை ஊழியருக்குக் கிடைக்காத தனியுரிமை அரசியல்வாதிக்குக் கிடைத்தது.

இந்த வழக்குகள் எல்லாம் அரசு தொடர்பான சோதனைகளைப் பற்றியவை. காரணமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கும் அரசமைப்பின் நான்காம் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். பெரும்பாலான தனியார் ஊழியர்களை முதலாளி எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம் என்பது அமெரிக்க வேலைச் சட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே தனியார் கம்பெனிகளுக்குப் பெரும்பாலான இடங்களில் தடை இருக்கவில்லை.

குப்பி எதைக் காட்டுகிறது

கஞ்சாவில் போதை தரும் பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. புகைத்த சில நிமிடங்களில் இரத்தத்தில் அது உச்சத்தை அடையும். போதை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கல்லீரல் டிஎச்சியை உடைக்கும்போது கார்பாக்சி-டிஎச்சி என்ற எச்சம் உண்டாகிறது. இது போதை தராதது. சிறுநீர்ச் சோதனை தேடுவது இந்த எச்சத்தைத்தான்.

டிஎச்சி கொழுப்பில் கரையும். உடற்கொழுப்பில் தங்கிக்கொண்டு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். எப்போதோ ஒருமுறை புகைப்பவரிடம் சில நாட்களில் மறைந்துவிடும் எச்சம், தினமும் புகைப்பவரிடம் நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தென்படும். கோகைனின் எச்சம் இரண்டு மூன்று நாட்களில் கழுவப்பட்டுவிடுகிறது. மது அதற்கும் முன்பே போய்விடும். வெள்ளிக்கிழமை கோகைன் இழுத்தவர் செவ்வாய்க்கிழமை சோதனையில் தப்பிக்க, மாதத் தொடக்கத்தில் கஞ்சாவை விட்டவர் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

மத்திய அரசின் விதிப்படி சிறுநீரில் முதற்கட்ட வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். அதைத் தாண்டினால் நிறைநிறமாலைமானி கொண்டு உறுதிச் சோதனை நடக்கும். அங்கே வரம்பு 15. மாதிரி எடுப்பதற்கும் சடங்குகள் உண்டு. கழிவறைத் தொட்டியின் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள், அள்ளிக் கலக்க முடியாதபடி. குறைந்தது 45 மில்லிலிட்டர் தர வேண்டும். கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிடுவார்கள். முடிவை மறுக்கிறவர் இரண்டாவது பகுதியை வேறு ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கேட்கலாம். மருத்துவ மதிப்பாய்வாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, முறையான மருந்துச்சீட்டு ஏதேனும் உண்டா என்று விசாரித்த பிறகே முடிவை முதலாளிக்கு அனுப்புவார். போக்குவரத்துத் துறையின் சோதனையில், கஞ்சாவுக்கு மாநில மருத்துவர் தந்த பரிந்துரையை அவர் ஏற்க மாட்டார்.

சோதனை இருக்கும் இடத்தில் ஏமாற்றும் சந்தையும் இருக்கும். பொடியாக விற்கும் பிறர் சிறுநீர், செயற்கைச் சிறுநீர், உடலோடு கட்டிக்கொள்ளும் போலி உறுப்பு என எல்லாம் கிடைக்கும். 2005இல் மின்னெசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் ஒருவர் விசினேட்டர் என்ற அத்தகைய கருவியோடு மினியாபொலிஸ் விமான நிலையத்தில் பிடிபட்டு நாட்டையே சிரிக்க வைத்தார். அதைத் தயாரித்த கம்பெனியின் உரிமையாளர்கள் பிறகு மத்திய அரசு தொடுத்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

மதுவுக்கு, வாகனம் ஓட்டுவோரின் இரத்தத்தில் 0.08 சதவீதம் என்று ஓர் அளவு இருக்கிறது. கஞ்சாவுக்கும் அப்படி ஓர் அளவு வைத்தால் என்ன என்ற கேள்வி அடிக்கடி எழும். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2017இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை அதற்குப் பதில் தருகிறது: இரத்தத்தில் உள்ள டிஎச்சியின் அளவுக்கும் ஒருவரின் தடுமாற்றத்துக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. எச்சில் சோதனை இந்த வகையில் சிறுநீரைவிட மேல். அது எச்சத்தைத் தேடாமல் டிஎச்சியையே தேடுகிறது. பெரும்பாலும் கடைசி ஓரிரு நாட்களின் பயன்பாட்டையே காட்டும். போக்குவரத்துத் துறை 2023இல் எச்சில் சோதனைக்கு அனுமதி தந்தது. இரண்டு ஆய்வுக்கூடங்களாவது அரசின் சான்று பெற்ற பிறகே அது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. தலைமுடிச் சோதனையோ எதிர்த் திசையில் போகிறது. ஒன்றரை அங்குல முடி ஏறக்குறைய 90 நாள் கதையைச் சொல்லிவிடும்.

நோயாளிகள் தொடுத்த வழக்குகள்

மருத்துவக் கஞ்சாவை முதலில் அனுமதித்த மாநிலம் கலிபோர்னியா. 1996இல் மக்கள் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. வேலையைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த மௌனத்தின் விலையை முதலில் கொடுத்தவர்களில் ஒருவர், விமானப்படையில் இருந்தபோது முதுகில் காயம்பட்ட ஒரு கணினி நிர்வாகி. மருத்துவரின் பரிந்துரையோடு கஞ்சா பயன்படுத்திய அவர், அந்தச் சான்றைச் சோதனைக்கூடத்திலேயே கொடுத்தார். 2001இல் வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே நீக்கப்பட்டார். ராஸ் எதிர் ரேஜிங்வயர் என்ற அந்த வழக்கில், 1996ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவழக்கிலிருந்துதான் காக்கும், வேலையைக் காக்காது என்று 2008இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டு சட்டமன்றம் தீர்ப்பை மாற்ற மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்சநெக்கர் அதைத் தன் அதிகாரத்தால் தடுத்துவிட்டார்.

ஓரிகனின் உச்ச நீதிமன்றம் 2010இலும் வாஷிங்டன் மாநிலத்தினுடையது 2011இலும் ராஸ் தீர்ப்பின் வழியிலேயே போயின. இவற்றையெல்லாம்விட மனதைத் தைப்பது 2015 ஜூனில் முடிந்த கோட்ஸ் எதிர் டிஷ் நெட்வொர்க் வழக்கு. பதின்பருவத்தில் நேர்ந்த கார் விபத்தால் கைகால் முடங்கிச் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர், கொலராடோவில் வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியில் வேலை பார்த்தார். தசை இழுப்பைத் தணிக்க இரவில், வீட்டில், மாநில அனுமதி அட்டையோடு கஞ்சா பயன்படுத்தினார். வேலையில் அவர் போதையில் இருந்ததாகக் கம்பெனி சொல்லவில்லை. கொலராடோவில் ஒரு சட்டம் உண்டு: வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் சட்டபூர்வமான செயலுக்காக யாரையும் நீக்கக் கூடாது. பல மாநிலங்களில் 1990ஐ ஒட்டி இத்தகைய சட்டங்கள் வந்தன. புகையிலை பிடிப்பவர்களைக் காப்பதே முதல் நோக்கம். வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இவ்வளவுதான்: 'சட்டபூர்வமான' என்றால் மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டின்படியும் சட்டபூர்வமாக இருக்க வேண்டும். கஞ்சா அப்படி இல்லை. வழக்கு முடிந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்தியச் சட்டமும் கைகொடுக்கவில்லை. சட்டவிரோதப் போதைப்பொருளைத் தற்போது பயன்படுத்துபவரை அது தன் காப்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்குகிறது.

காற்று திரும்பியது 2017இல். மாசசூசெட்ஸில் குரோன் நோய் என்ற குடல் அழற்சியுள்ள பெண் ஒருவர், சோதனையில் கஞ்சா தெரியும் என்று நேர்காணலிலேயே சொல்லியிருந்தார். மேலாளரும் பரவாயில்லை என்றார். வேலை பார்த்த முதல் நாள் மாலையே மனிதவளத் துறை அழைத்து, தாங்கள் மாநிலச் சட்டத்தைப் பின்பற்றுவதில்லை, மத்தியச் சட்டத்தைத்தான் என்று சொல்லி நீக்கியது. மாநில உச்ச நீதிமன்றம் ஊழியரின் பக்கம் நின்றது. மருந்தாகக் கஞ்சா எடுத்துக்கொள்ள இடமளிப்பது, உடல்நலக் குறைவுள்ளவருக்கு முதலாளி செய்து தர வேண்டிய வசதிகளில் ஒன்றாக இருக்கலாம். மத்தியச் சட்டத்தை மீறும் அபாயம் ஊழியருக்குத்தான், முதலாளிக்கு அல்ல என்பது அதன் தர்க்கம். அதே ஆண்டில் ரோட் ஐலண்ட், கனெடிகட் மாநிலங்களின் வழக்குகளும் நோயாளிகளுக்குச் சாதகமாக அமைந்தன. 2019இல் அரிசோனாவின் மத்திய நீதிமன்றம் வால்மார்ட்டுக்கு எதிரான வழக்கில் இன்னும் அடிப்படையான ஒன்றைத் தொட்டது: சிறுநீரில் எச்சம் இருந்தது என்பது மட்டுமே வேலையில் போதையில் இருந்ததற்குச் சான்றாகாது, நிபுணர் சாட்சியம் வேண்டும்.

சட்டமன்றங்கள் கையிலெடுத்தபோது

நியூயார்க் நகரம் 2019இல் இயற்றி 2020 மே 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், பெரும்பாலான வேலைகளுக்கு ஆள்சேர்ப்புக் கஞ்சா சோதனையையே தடை செய்தது. நெவாடாவின் சட்டம் 2020 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. விண்ணப்பதாரரின் சோதனையில் கஞ்சா தெரிந்தால் அதற்காக வேலை மறுக்கக் கூடாது என்றது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் சீட்டு மேசை ஊழியர் ஒருவர் ஓய்வறையில் வழுக்கி விழுந்தார். விழுந்ததற்காகச் சோதித்தார்கள், கஞ்சா தெரிந்தது, நீக்கினார்கள். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கம் செல்லும் என்றது. ஆக, நெவாடாவில் வாசலில் நிற்பவருக்கு உள்ள காப்பு, உள்ளே வந்து வருடக்கணக்கில் வேலை பார்ப்பவருக்கு இல்லை.

நியூயார்க் மாநிலம் 2021 மார்ச் 31 அன்று இயற்றிய சட்டம் இவற்றில் மிக உறுதியானது. அங்கே மத்திய அல்லது மாநில விதி கட்டாயப்படுத்தும் வேலைகளைத் தவிர, முதலாளி கஞ்சாவுக்குச் சோதிக்கவே முடியாது. நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் ஊழியரின் வேலைத்திறன் குறைந்ததையோ பாதுகாப்புக்கு இடையூறு நேர்ந்ததையோ காட்டும் குறிப்பான அறிகுறிகள் தேவை. கஞ்சா வாடை மட்டும் போதாது என்று தொழிலாளர் துறை விளக்கியிருக்கிறது.

நியூஜெர்சி நடுவழியைத் தேடியது. சோதனை நடத்தலாம், ஆனால் எச்சத்தை மட்டும் வைத்து நீக்கக் கூடாது. போதையின் அடையாளங்களை அறியப் பயிற்சி பெற்ற ஒருவர் ஊழியரைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்றது 2021ஆம் ஆண்டுச் சட்டம். படிக்க நன்றாக இருந்த சட்டம் நீதிமன்றத்தில் பல்லிழந்தது. வேலை மறுக்கப்பட்டவர் இதன்கீழ் நேரடியாக வழக்குத் தொடுக்க வழியில்லை என்று 2024 டிசம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலிபோர்னியா தன் பழைய கணக்கைத் தீர்க்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. ஏ.பி. 2188 என்ற மசோதாவைக் கொண்டுவந்தவர் பில் க்வெர்க், வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற சட்டமன்ற உறுப்பினர். அறிவியல் தெரிந்தவர் எழுதியது என்பது சட்டத்தின் வடிவத்திலேயே தெரிகிறது. அது கஞ்சாவைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லவில்லை. 'போதை தராத கஞ்சா எச்சத்தை'க் காட்டும் சோதனையின் பேரில் பாகுபாடு கூடாது என்று மட்டும் சொல்கிறது. டிஎச்சியையே தேடும் எச்சில் சோதனைக்கும், கவனத்தையும் எதிர்வினை வேகத்தையும் அளக்கும் சோதனைகளுக்கும் தடையில்லை. 2024 ஜனவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். விண்ணப்பதாரரிடம் பழைய கஞ்சாப் பழக்கத்தைக் கேட்கக் கூடாது என்று துணைச் சட்டம் ஒன்றும் வந்தது. கட்டடத் தொழில் விலக்கப்பட்டது. அதே நாளில் வாஷிங்டன் மாநிலத்திலும் ஆள்சேர்ப்பு அளவில் இதையொத்த சட்டம் அமலானது.

வேலை நேரத்தில் போதையில் இருக்கும் உரிமையை இந்தச் சட்டங்களில் எதுவும் தரவில்லை. இதைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எதிர்ப்பாளர்கள் சொல்வதும் சில ஊழியர்கள் நம்புவதும் வேறு.

முதலாளிகளின் கணக்கு

சட்டம் மாறக் காத்திராமல் விலகியவர்களும் உண்டு. 2021 ஜூனில் அமேசான், போக்குவரத்து விதிகளுக்கு உட்படாத பதவிகளின் சோதனையிலிருந்து கஞ்சாவை நீக்குவதாக அறிவித்தது. கிடங்குகளுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிய காலம் அது; கொள்கையும் தேவையும் ஒன்றுசேர்ந்தன. பேஸ்பால் சங்கம் 2019 டிசம்பரிலும், என்பிஏ கூடைப்பந்துச் சங்கம் 2023ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலும் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தன.

குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் ஆய்வுக்கூட நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் குறியீடு இந்தத் துறையின் நாடித்துடிப்பு. எல்லாப் போதைப்பொருள்களும் சேர்ந்து 1988இல் 13.6 சதவீதமாக இருந்த நேர்மறை முடிவுகள், 2010 வாக்கில் 3.5 சதவீதமாகச் சரிந்தன. 2022இல் பொதுப் பணியாளர்களிடம் கஞ்சா மட்டுமே 4.3 சதவீதம். விபத்துக்குப் பின் நடக்கும் சோதனைகளில் கஞ்சா அந்த ஆண்டு 7.3 சதவீதத்தைத் தொட்டது. முதலாளி சங்கங்கள் ஆபத்துக்குச் சான்றாகக் காட்டும் எண் இது. ஆனால் விபத்துக்குப் பின் எடுத்த சிறுநீரும் பழைய எச்சத்தைத்தான் காட்டுகிறது. பயன்படுத்துவோர் பெருகினார்கள் என்பதற்கு அது சான்று. விபத்து நேரத்தில் யார் போதையில் இருந்தார் என்பதை அது சொல்லாது.

காப்பு எட்டாதவர்கள்

லாரி ஓட்டுநருக்கு மாநிலச் சட்டம் எதுவும் உதவாது. 2020 ஜனவரியில் தொடங்கிய மத்தியத் தரவகத்தில் ஓட்டுநர்களின் சோதனை மீறல்கள் பதிவாகின்றன. அதில் பெரும்பங்கு கஞ்சா. ஒருமுறை பெயர் ஏறினால், நிபுணரின் மதிப்பீடும் மறுசோதனையும் முடியும்வரை எந்தக் கம்பெனியிலும் ஓட்ட முடியாது.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய் வாங்கியும் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். 2012இல் லாரி ஓட்டுநர் ஒருவர், டிஎச்சி இல்லை என்று விளம்பரம் செய்யப்பட்ட சிபிடி மருந்தை வலிக்காக எடுத்தார். அடுத்து வந்த திடீர்ச் சோதனையில் டிஎச்சி தெரிந்து வேலை போயிற்று. விற்ற கம்பெனிமேல், திட்டமிட்ட குற்றக் குழுக்களுக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அவர் வழக்குத் தொடுத்தார். அப்படித் தொடுக்கலாம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ரேகனின் ஆணைதான் அடிப்படை. கணினிக் குற்றங்களை எதிர்கொள்ள ஆள் தேடியபோது, திறமையான இளைஞர்கள் சிலர் நேர்காணலுக்கு வரும் வழியிலேயே கஞ்சா புகைக்க விரும்புகிறார்கள் என்று 2014இல் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி அலுத்துக்கொண்டார். செனட்டில் கண்டனம் எழவும், வேடிக்கையாகச் சொன்னேன் என்றார். 2021இல் எஃப்பிஐ, விண்ணப்பத்துக்கு முன் கஞ்சா தொட்டிருக்கக் கூடாது என்ற தன் நிபந்தனையை மூன்று ஆண்டுகளிலிருந்து ஓராண்டாகத் தளர்த்தியது.

கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் தகவல் தொழில்நுட்ப வேலை பார்க்கும் தமிழர்கள் உள்ளிட்ட வெளிநாட்டவரின் நிலை இன்னும் சிக்கலானது. மாநிலச் சட்டம் அவர்கள் வேலையைக் காக்கலாம், விசாவைக் காக்காது. குடியேற்றச் சட்டம் முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. தண்டனையே இல்லாவிட்டாலும், கஞ்சா வைத்திருந்ததை அதிகாரியிடம் ஒப்புக்கொள்வது நாட்டுக்குள் நுழைய மறுக்கப் போதுமான காரணமாகலாம். மாநில அனுமதி பெற்ற கஞ்சாக் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும்கூட, குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை'யைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.